என் குறட்டையும் என் இதயத் துடிப்பும்

ஏழாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருந்தபோது அது முதன்முதலில் வந்தது. கரும்பலகையில் கோடு போட்டுவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். நெஞ்சுக்குள் ஏதோ புரண்டது. ஏரியிலிருந்து எடுத்துத் தரையில் போட்ட கெண்டை எப்படித் துள்ளும், அப்படி. ஒரு துள்ளல், சற்று இடைவெளி, பிறகு மூன்று நான்கு சேர்ந்தாற்போல். நின்றுவிடும் என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நிற்கவில்லை. முன்வரிசைப் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தியதும்தான் எனக்கே பயம் வந்தது.

நான் லூர்து மேரி. ஜமுனாமரத்தூரில் கணக்கு ஆசிரியை. பிறந்த ஊர் மலையடிவாரத்தில், படவேட்டுக்குப் பக்கம். என் கணவர் சவரிமுத்து மலைக்காரர்களிடம் புளியும் சாமையும் வாங்கிக் கீழே கலசப்பாக்கத்துக்கும் மற்ற ஊர்களுக்கும் அனுப்புகிறவர். ஒரே மகள் ஓசூரில் குடும்பமாக இருக்கிறாள். மேலே நாங்கள் இருவர் மட்டும்.

சக ஆசிரியை ஒருவர் ஸ்கூட்டியில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். இளம் வயது டாக்டர் ஈசிஜி எடுத்துக் காகிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். முள்முள்ளாக நிற்கிற கோடுகளுக்கு நடுவே இடைவெளி ஒரே அளவில் இருக்க வேண்டுமாம். என்னுடையதில் இரண்டு கோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அடுத்தது எங்கோ தள்ளி இருந்தது. துடிப்பின் வேகமும் இருக்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு. வேலூருக்குப் போயாக வேண்டும் என்று சொல்லி அவரே 108-ஐ அழைத்தார். சவரிமுத்து புளி மூட்டையை எடை போட்டுக்கொண்டிருந்த இடத்திலிருந்து அப்படியே ஓடிவந்தார். சட்டையில் புளிக்கறை. ஆம்புலன்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்த மலைப்பாதையில் எத்தனையோ வருடமாக ஏறி இறங்குகிறேன். அன்றைக்குப் படுத்தபடி இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் உடம்பு ஒரு பக்கம் போக, நெஞ்சு இன்னொரு பக்கம் போவதுபோல் இருந்தது. ஜெபமாலையை உருட்டினேன். எத்தனையாவது மணி என்பது மறந்துகொண்டே இருந்தது. சவரிமுத்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும்வரை விடவில்லை.

வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சேர்த்தார்கள். நோயின் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் என்றார்கள். எனக்கு விளங்கிய வரைக்கும் சொல்கிறேன். இதயத்தில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. மேல் அறைகள் சீராகச் சுருங்கி ரத்தத்தைக் கீழே தள்ள வேண்டும். இந்த நோயில் அவை சுருங்குவதற்குப் பதில் வெறுமனே நடுங்குகின்றன. நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கும். தேங்கிய ரத்தம் உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். படபடப்பைவிடப் பெரிய ஆபத்து இதுதான் என்று சொல்லி, ரத்தம் உறையாமலிருக்க அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் வாய் கோணிக் கை விழுந்துபோன ஒருவரை எனக்குத் தெரியும். அந்த மாத்திரையை நான் ஒரு வேளைகூடத் தவற விட்டதில்லை.

எக்கோ எடுத்தார்கள், தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சரியாக இருந்தது. ரத்த அழுத்தம் கொஞ்சம் அதிகம், எடை நிறையவே அதிகம். மேல் இடது அறை இழுபட்டுப் பெரிதாகியிருக்கிறது என்று எக்கோவில் எழுதியிருந்தது. ஏன் என்று கேட்டேன். வயது, ரத்த அழுத்தம், எடை, பல காரணம் இருக்கலாம் என்றார் பயிற்சி டாக்டர்.

பெண்கள் வார்டில் கழித்த அந்த இரவுகளில் நான் தூங்கவில்லை. தூக்கம் வரவில்லை என்று நர்ஸிடம் சொன்னேன். அது பொய். கண் சொக்கிக்கொண்டு வந்தது. தலையணையை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்து, கையைக் கிள்ளிக்கொண்டு விழித்திருந்தேன். எனக்குக் குறட்டை உண்டு. ஆண் குறட்டை விட்டால் உழைத்த களைப்பு என்பார்கள். பெண் விட்டால் அது சிரிப்புக்கு.

ஆசிரியர் பயிற்சிக்குப் படித்த காலத்தில், விடுதித் தோழிகள் நான் தூங்கும்போது டேப் ரெக்கார்டரில் பதிவு செய்து, சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்கள். காளை மாடு செருமுவதுபோல் ஒரு சத்தம். கூடமே குலுங்கியது. நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்குப் பிறகு கல்யாண மண்டபம், சுற்றுலா, வேளாங்கண்ணிப் பயணம், எங்கேயும் பிறர் காதில் விழும்படி நான் தூங்கியதில்லை. கல்யாணமான புதிதில் சவரிமுத்துவிடம் பயந்து பயந்து இதைச் சொன்னேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்றார். அதற்குப் பிறகும் எப்போது கேட்டாலும் அதே பதில்தான். மனுஷன் அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறவர் என்று நம்பி நிம்மதியாக இருந்துவிட்டேன்.

வேகத்தைக் குறைக்கும் மருந்தில் துடிப்பு நிதானமானது, சீராகவில்லை. நெஞ்சில் மின் அதிர்ச்சி கொடுத்துச் சீராக்கலாம், ஆனால் உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது கிளம்பிவிடும் என்பதால் சில வாரங்கள் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார்கள். அந்த வாரங்களைச் சொல்லி மாளாது. தண்ணீர்க் குடம் தூக்கினால் மூச்சு வாங்கும். இந்த நிமிடம் உள்ளே ஒரு கட்டி உருவாகிக்கொண்டிருக்குமோ என்ற நினைப்பு சோறு பிசையும்போதும் வரும். மகள் தினமும் போனில் அழைத்து, என்னிடம் ஏதாவது பேச்சுக் கொடுத்து, என் வாய் குழறுகிறதா என்று கவனிப்பாள். அவள் அதைத்தான் செய்கிறாள் என்பது எனக்கும் தெரியும். காட்டிக்கொள்ளாமல் ஒவ்வொரு சொல்லையும் திருத்தமாக உச்சரிப்பேன்.

அதிர்ச்சி கொடுப்பது பயந்த அளவுக்கு இல்லை. நெஞ்சிலும் முதுகிலும் ஒட்டுப் பட்டை வைத்தார்கள், கையில் மயக்க ஊசி ஏறியது. கண் திறந்தபோது நர்ஸ் மானிட்டரைச் சுட்டினார். பச்சைக் கோடுகள் நூல் பிடித்தாற்போல் சம இடைவெளியில் ஓடின. சவரிமுத்து வெளியே போய்த் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். அரசுக் காப்பீட்டில் பெரும்பகுதி போய்விட்டது, மீதியைப் புளி வியாபாரத்தில் சமாளித்தார்.

ஐந்து வாரம் நன்றாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குக் கிளம்ப விடியலில் கண் விழித்தேன். விழிக்கும்போதே நெஞ்சில் கெண்டை துள்ளிக்கொண்டிருந்தது.

மறுபடி மலையிறக்கம். மறுபடி அதே வார்டு. மறுபடி தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டேன். இந்த முறை இதயத் துடிப்புக் கோளாறுகளுக்கென்றே படித்த ஒரு பெண் டாக்டரிடம் அனுப்பினார்கள். திரும்பத் திரும்ப இப்படி வந்தால், தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பி போன்ற குழாயை இதயத்துக்குள் செலுத்தி, தப்பான மின்சாரம் கிளம்பும் இடங்களைச் சுட்டு அடைக்கலாம் என்று படம் வரைந்து விளக்கினார். பெரும்பாலோருக்குப் பத்திரமான சிகிச்சைதான் என்றும், எல்லா சிகிச்சையிலும் போல இதிலும் சிறு ஆபத்து உண்டு என்றும் சொன்னார். இதயத்துக்குள் சூடு வைப்பது என்ற ஒன்றைத் தவிர எனக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை.

பிறகு அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சம்பந்தமில்லாதவைபோல் சில கேள்விகள் கேட்டார். படபடப்பு எந்த நேரத்தில் வருகிறது? விடியலில். காலையில் தலை வலிக்குமா? ஆமாம், மாதவிடாய் நின்றதிலிருந்து. இரவில் சிறுநீருக்கு எழுந்திருக்க வேண்டியிருக்கிறதா? மூன்று நான்கு முறை. பகலில் உட்கார்ந்தால் கண் அசருமா? விடைத்தாள் திருத்தும்போதே அசரும்.

"தூக்கத்துல குறட்டை விடுவீங்களாம்மா?"

"இல்லீங்க டாக்டர்," என்றேன்.

அவர் சரி என்று எழுதத் தொடங்கினார். சவரிமுத்து எனக்குப் பின்னால் சுவரோரம் என் மருத்துவ ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"டாக்டர், ஒரு நிமிஷம்ங்க. இவ கொறட்டை வுடுவா. சத்தம் கெடக்கட்டும், அது பரவால்ல. நடுவுல மூச்சு நின்னுடுது."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டார்.

"ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கினு படுத்திருப்பேன்ங்க. இருவது வரிக்கும் போவும். சில நாளு முப்பது. அதுக்கு மேல என்னால தாங்க முடியாது. தோளப் புடிச்சி ஒருக்களிச்சிப் படுக்க வச்சிடுவேன். பெருசா ஒரு மூச்சு இழுப்பா. இவளுக்குத் தெரியாது."

எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டார். வருடக் கணக்கு என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

டாக்டர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கேட்டாலும் மறைக்கிறவர்கள் நிறைய, பெண்களிடம் டாக்டர்களும் பல நேரம் கேட்பதில்லை என்று மட்டும் சொன்னார். உடனே தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

வெளியே காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்தோம். இத்தனை வருடமும் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாரா? கோபமும் அவமானமும் சேர்ந்து வந்தன. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நாற்காலி வரிசையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஒருத்தரு வூட்லயும் நீ நிம்மதியா படுக்க மாட்ட. நம்ம வூட்லயாவது தூங்கட்டுமேன்னு வுட்டுட்டேன் லூர்து. இது நோவுன்னு எனக்கு இன்னா தெரியும்?"

அன்றைக்கு முழுவதும் நான் அவருடன் பேசவில்லை.

தூக்கப் பரிசோதனை அறையில் ஒரு கட்டில், ஒரு கேமரா. தலையில், கண்ணோரத்தில், தாடையில், காலில் என்று கம்பிகளை ஒட்டினார்கள். மூக்குக்குக் கீழே மூச்சை அளக்கும் குழாய். நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை. விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப். ஒட்டிய பெண், வீட்டில் தூங்குவதுபோலத் தூங்குங்கள், குறட்டை வந்தால் வரட்டும், அதைக் கேட்கத்தான் நாங்கள் இருக்கிறோம் என்றார். இத்தனை வருடம் ஒளித்து வைத்ததை இங்கே கம்பி வைத்துக் கேட்கப்போகிறார்கள். கண்ணை மூடினால் அந்தச் சாப்பாட்டுக் கூடம்தான் வந்தது. எப்போது அசந்தேன் என்று தெரியவில்லை.

முடிவைக் கணினியில் காட்டினார்கள். மூச்சின் கோடு அலை அலையாகப் போய்க்கொண்டிருந்து திடீரென்று சமதளமாகிறது. நெஞ்சுப் பட்டையின் கோடு மட்டும் துடிக்கிறது. அதாவது நான் மூச்சை இழுக்கிறேன், காற்று வரவில்லை. கொஞ்சம் கழித்து ஆக்சிஜன் கோடு பள்ளத்தில் இறங்குகிறது. பிறகு மூளை அலை கலைகிறது. நான் அறியாமலே விழித்து, ஒரு மூச்சை இழுத்து, மறுபடி தூங்குகிறேன். சராசரியாக இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இது நடந்திருக்கிறது. அந்தச் சமதளக் கோட்டைப் பார்க்கும்போது என் சாவுக்கு ஒத்திகை பார்ப்பதுபோல் இருந்தது.

டாக்டர் விளக்கினார். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை மூடிக்கொள்கிறது. மூடிய பாதைக்கு எதிராக நெஞ்சு பலமாக இழுக்கிறது. அந்த இழுப்பு இதயத்தின் மேலறைகளையும் சேர்த்து இழுக்கிறது. அவற்றின் சுவர் மெல்லியது. ஆக்சிஜன் குறைந்ததும் உடம்பு ஆபத்து என்று பதறி ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. ஒவ்வொரு இரவும் நூறு தடவைக்கு மேல் இப்படி நடந்தால், மேலறை விரிந்து, அதன் சுவரில் தழும்பு விழுந்து, மின்சாரம் தடம் மாறுகிறது. எக்கோவில் பெரிதாகத் தெரிந்த அறைக்கு இது ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம்.

தீர்வு ஒரு முகமூடி. தலைமாட்டில் வைக்கும் சின்ன இயந்திரம் ஒன்று, குழாய் வழியாக மூக்குக்கு மெல்லிய அழுத்தத்தில் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றே தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிக்கும். சிபாப் என்கிறார்கள்.

"இத போட்டா நெஞ்சுத் துடிப்பு சரியாய்டுங்களா?" என்று சவரிமுத்து கேட்டார்.

"அப்படி வாக்குக் கொடுக்க முடியாதுங்க," என்றார் டாக்டர். "சிலருக்கு நல்லா கட்டுப்படுது, சிலருக்கு அவ்வளவா பலன் தெரியறதில்ல. ஆனா இத கவனிக்காம நாங்க ஷாக் கொடுக்கறதும், உள்ள சுடறதும், அடுப்ப எரியவிட்டுட்டுப் பொங்கற பாலுக்குத் தண்ணி தெளிக்கிற மாதிரி. அடங்கும், திரும்பப் பொங்கும். முதல்ல தீயைக் குறைப்போம். எடையும் குறையணும்."

இரண்டாம் முறை அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கினார்கள். முகமூடியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

முதல் வாரம் நரகம். பட்டையை மாட்டியதும் யாரோ முகத்தைப் பொத்தியதுபோல் இருக்கும். காற்று உள்ளே வரும். ஆனால் வெளியே விட முடியாதென்று மனம் அலறும். பிய்த்து எறிந்துவிட்டு உட்கார்ந்துகொள்வேன். உட்கார்ந்தால் அடுத்த பயம்: இன்றைக்குத் தூங்கி மூச்சு நின்று, விடியலில் கெண்டை திரும்பினால்? மாட்டினாலும் பயம், கழற்றினாலும் பயம்.

ஒரு நாள் பகலில் பள்ளியிலிருந்து வந்தபோது, சவரிமுத்து நாற்காலியில் அந்த முகமூடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழாய் யானைத் தும்பிக்கைபோல் மடியில் கிடந்தது. கேட்டதற்கு, இன்னா கஷ்டம்னு பாக்கறேன் என்று முகமூடிக்குள்ளிருந்து ஏதோ உளறினார். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தேன். அவர் மேலிருந்த மிச்சக் கோபமும் அத்தோடு போயிற்று. வாயைத் திறக்காமல் மூக்கால் மட்டும் மூச்சு விட்டால் பழகிவிடும் என்று அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். பகலில் விடைத்தாள் திருத்தும்போது மாட்டிப் பழகினேன். கவனம் கணக்கில் இருந்தால் முகத்தில் இருப்பது மறந்துவிடும். இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.

மெல்ல மெல்ல முகமூடி இரவு முழுவதும் முகத்தில் தங்கியது. காலைத் தலைவலி போயிற்று. நடு இரவில் எழுந்திருப்பது ஒன்றாகக் குறைந்தது. துடிப்பு சீராக இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு விடியலிலும் கண்ணைத் திறக்கும் முன்பே விரல் மணிக்கட்டுக்குப் போய்விடும்.

ஐப்பசியில் புயல் மழை பிடித்தது. மலையிறங்கும் பாதைகளில் மரம் சாய்ந்து பஸ் நின்றுவிட்டது. கரண்ட் போனது. எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் முதல் நாள் தாங்கியது, இரண்டாம் நாள் பாதி ராத்திரியில் கூவிவிட்டு அணைந்தது. முகமூடி செத்த பொருளாகக் கிடந்தது. சவரிமுத்து என்னைச் சுவருக்குச் சாய்த்து உட்கார வைத்து, தலையணைகளை முட்டுக்கொடுத்து, விழித்தபடியே இருந்தார். மூன்றாம் நாள் விடியலில் விரல் மணிக்கட்டுக்குப் போனது. தாளம் கெட்டிருந்தது.

கீழே போக வழியில்லை. மழையில் நடந்து அரசு மருத்துவமனைக்குப் போனோம். அதே இளம் டாக்டர். ஈசிஜியில் அதே ஒட்டிய கோடுகள், எட்டிய கோடுகள். வேலூர் டாக்டரிடம் போனில் பேசிவிட்டு, வேகம் அதிகமில்லை, ரத்த மாத்திரை தொடர்கிறது, அதனால் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று படுக்க வைத்தார். பாதை எப்போது திறக்கும் என்று சவரிமுத்து வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்தார். மதியத்துக்குப் பக்கமாக அது தானாகவே அடங்கியது. அடங்கிய கணம் எனக்குத் தெரிந்தது. வண்டி குண்டும் குழியும் தாண்டித் தார் ரோட்டில் ஏறியதுபோல். இன்றைக்கு இரவு எப்படியாவது இயந்திரத்தோடு தூங்க வேண்டும் என்றார் டாக்டர். அங்கே ஜெனரேட்டர் டீசலைப் பிரசவ அறைக்காகச் சேமித்துக்கொண்டிருந்தார்கள். கேட்கவே எங்களுக்கு வாய் வரவில்லை.

பெண் பிள்ளைகள் விடுதியின் கூரையில் சூரியத் தகடும் கீழே பெரிய பேட்டரிகளும் உண்டு. விடுதிக் காப்பாளர் கமலா விஷயம் கேள்விப்பட்டு ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மின்சாரம் இருக்கிற பிளக் பிள்ளைகள் படுக்கும் கூடத்தில் மட்டும்தான். மேகமூட்டத்தில் பேட்டரியில் மிச்சம் குறைவு. எனக்காக விளக்குகளை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்கு இருட்டும் முன்பே சோறு போட்டிருந்தார்.

"கூடத்துல படுக்க உங்களுக்குச் சங்கடமா இருக்குமா டீச்சர்?" என்று கமலா கேட்டார்.

சங்கடமா? கூடம் நிறைய என் மாணவிகள். காலையில் நான் பெருக்கல் வாய்ப்பாடு கேட்கும் பிள்ளைகள். வீட்டுக்குத் திரும்பிவிடலாம், தலையணையில் சாய்ந்து இன்னொரு ராத்திரியை ஓட்டிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு அந்தச் சமதளக் கோடு கண்ணுக்குள் வந்தது. பாயை விரிக்கச் சொன்னேன்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் முகமூடியை மாட்டினேன். கூடம் முழுக்கப் போர்வைக்கு மேலே கண்களாக இருந்தது. ஒரு பெண், வலிக்குமா டீச்சர் என்றாள். வலிக்காது என்றேன். அப்புறம் எதற்கு என்றாள். முகமூடியைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"தூங்கறப்ப எனக்குத் தொண்டை மூடிக்குது. கொறட்டை வரும், மூச்சு நின்னுடும். இது காத்து ஊதி தொறந்து வைக்கும்."

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பக்கத்தில் இருந்தவளும் சிரித்தாள். கூடமே கொஞ்ச நேரம் சிரித்தது. சிரித்துவிட்டு எல்லோரும் தூங்கிப்போனார்கள். நானும் தூங்கினேன்.

விடிந்து கண் திறந்தபோது மழை விட்டிருந்தது. பிள்ளைகள் சத்தம் போடாமல் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். விரலை மணிக்கட்டில் வைத்தேன். சீராக ஓடியது. நெடுநேரம் எடுக்காமல் வைத்திருந்தேன்.

பாதை திறந்ததும் வேலூர் போனோம். பல நாள் தொடர்ந்து துடிப்பைப் பதிவு செய்யும் சின்னக் கருவியை நெஞ்சில் ஒட்டி அனுப்பினார்கள். திரும்பப் போனபோது டாக்டர் அந்தப் பதிவை நிதானமாகப் பார்த்தார். சில நொடிகளுக்கு மட்டும் ஓரிரு முறை தடுமாறியிருக்கிறது, மற்றபடி சீர். முகமூடி இல்லாத இரவுக்குப் பிறகுதான் புயலின்போது வந்தது என்பதை வைத்து மட்டும் அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் கழற்றிவிடாதீர்கள் என்றார். உள்ளே சுடும் சிகிச்சையை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம், தேவைப்பட்டால் பார்க்கலாம் என்றார். ரத்த மாத்திரை தொடர்கிறது. நான் குணமாகிவிட்டேன் என்று எழுத முடியாது. நன்றாக இருக்கிறேன் என்று எழுதலாம்.

விடுதியில் தூங்கிய அந்தக் காலையில் இன்னொன்றும் நடந்தது. நான் குழாயை மடித்துக்கொண்டிருந்தபோது எட்டாம் வகுப்பு சங்கீதா பக்கத்தில் வந்து நின்றாள். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்துவிட்டு, தன் அம்மாவும் தூக்கத்தில் இப்படித்தான், மூச்சு நின்று நின்று வரும், பகலில் களத்திலேயே உட்கார்ந்தபடி தூங்கிவிழுவாள் என்று சொன்னாள். ஊரில் அதைச் சொல்லிச் சிரிப்பார்களாம்.

அவள் அம்மா பச்சையம்மாளை வாரச் சந்தையில் பார்த்தேன். புளி விற்க வந்திருந்தார். ஓரமாக உட்கார வைத்து, இங்கே எழுதியிருப்பதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன்: டேப் ரெக்கார்டர், வார்டு, கம்பிகள், முகமூடி எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். இளம் டாக்டரிடம் காட்டினோம். ரத்த அழுத்தம் மிக அதிகம் என்று சொல்லி, தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். வருகிற வாரம் நாங்கள் இருவரும் முதல் பஸ்ஸில் வேலூருக்கு இறங்குகிறோம்.

கம்பி ஒட்டுவதற்கோ ஊசிக்கோ பச்சையம்மாள் பயப்படவில்லை. சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"நான் தூங்கறப்ப நீங்க முழிச்சினு இருப்பீங்களா டீச்சர்?"

இருப்பேன் என்றேன்.